எங்கே இருக்கிறது நிக்கோடிமஸ்?

முதல் நாள்: எல்லிஸ்

முப்பத்தொரு ஆண்டுகள் நில அளவைத் துறையில் இருந்தவன் நான். ஊர் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதன் வரைபடம்தான். தெரு, வாய்க்கால், நத்தம், சுடுகாடு எல்லாம் கோடுகளாகக் கண்முன் விரியும். வரைபடத்தில் மட்டுமே இருந்த ஓர் ஊரை நம்பி முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் பிறந்த மண்ணை விட்டுக் கிளம்பிய கதையைச் சில ஆண்டுகளுக்கு முன் படித்தேன். அன்றிலிருந்து அந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், வடமேற்கே, பிரெய்ரி என்னும் பெரும் புல்வெளியில் இருக்கிறது அந்த ஊர். பெயர் நிக்கோடிமஸ். தமிழ் விவிலியத்தில் இரவு வேளையில் இயேசுவைத் தேடி வந்து, முதிர்ந்த மனிதன் மறுபடி பிறப்பது எப்படி என்று கேட்பாரே நிக்கொதேமு, அதே பெயர்தான். உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட ஊர்களில், இன்றும் உயிரோடு இருப்பவற்றுள் மிகப் பழையது இது.

மகள் கன்சாஸ் சிட்டியில் வேலை பார்க்கிறாள். எனக்காக விடுப்பு எடுத்துக்கொண்டாள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: அவர்கள் வந்த வழியிலேயே நாமும் போக வேண்டும். அவர்கள் ரயிலில் எல்லிஸ் வரை வந்தார்கள். அங்கிருந்து வடக்கே தரைவழியாகப் போனார்கள். "பக்கத்தில் ஹேஸ் என்ற ஊரில் நல்ல விடுதிகள் இருக்கின்றன, அப்பா. எல்லிஸில் எதற்குத் தங்க வேண்டும்?" என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னேன். மறுபேச்சுப் பேசாமல் எல்லிஸிலேயே அறை பார்த்துவிட்டாள்.

காலையில் கிளம்பி மேற்கே ஓட்டிக்கொண்டே இருந்தோம். சலைனா தாண்டியதும் மரங்கள் குறைந்தன. பிறகு ஓடை ஓடும் பள்ளங்களில் மட்டும் மரங்கள் தெரிந்தன. ஓரிடத்தில் வேலிக்கால்கள் எல்லாம் மஞ்சள் நிறச் சுண்ணாம்புக் கல்லாக நின்றிருந்தன. கம்பு வெட்ட மரமில்லாத நாட்டில் கல்லை அறுத்து வேலிக்கு நட்டிருக்கிறார்கள். காரை நிறுத்தச் சொல்லி ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தேன். நம் ஊர் எல்லைக் கல்லைவிட உயரம். வெயிலில் சூடேறி இருந்தது.

எல்லிஸ் ஒரு ரயில் ஊர். கன்சாஸ் பசிபிக் ரயில்வே இங்கே பணிமனை வைத்திருந்தது. கிரைஸ்லர் கார் நிறுவனத்தை உருவாக்கிய வால்டர் கிரைஸ்லர் சிறுவனாக வளர்ந்த வீடும் இங்கேதான் இருக்கிறது. அவருடைய தந்தை இந்த ரயில்வேயில் இன்ஜின் ஓட்டியவர். அந்த வீட்டை வெளியிலிருந்து பார்த்துவிட்டு நேரே தண்டவாளத்துக்குப் போய்விட்டேன். நான் தேடி வந்தது அந்த இடத்தை.

1877 செப்டம்பரில் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் பகுதியிலிருந்து வந்தவர்கள் இங்கேதான் இறங்கினார்கள். ஏன் வந்தார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கென்டக்கியில் அடிமைகளுக்கு விடுதலை கிடைத்தது 1865 டிசம்பரில், அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தத்தால். லிங்கனின் புகழ்பெற்ற விடுதலைப் பிரகடனம் கென்டக்கிக்குப் பொருந்தவில்லை, ஏனென்றால் அது உள்நாட்டுப் போரில் நாட்டைவிட்டுப் பிரிந்து போகாத மாநிலம். விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. பழைய எசமானரின் காட்டிலேயே வாரத்துக்கு உழுது, விளைச்சல் வருவதற்குள் கடனில் விழுந்து, அடுத்த ஆண்டும் அதே காட்டில் நிற்க வேண்டிய நிலை. தெற்கு மாநிலங்களில் அவர்களுக்குக் காவலாக இருந்த மத்திய அரசின் படைகளை 1877 ஏப்ரலில் விலக்கிக்கொண்டார்கள். அதே ஏப்ரலின் 18-ஆம் தேதிதான் ஊரை அமைப்பதற்கான நிக்கோடிமஸ் டவுன் கம்பெனி கன்சாஸில் பதிவானது.

அந்தக் கோடையில் லெக்சிங்டனில் ஒட்டப்பட்ட துண்டுப் பிரசுரம் இன்றும் இருக்கிறது. கன்சாஸ் போக விரும்பும் கறுப்பின மக்கள் செப்டம்பர் 5 அன்று ஐந்து டாலரில் போகலாம் என்கிறது அது. குடியேற்றக் குழுவில் சேர ஒரு டாலர் கட்ட வேண்டும். அதையும் மொத்தமாகக் கட்ட வேண்டியதில்லை. செப்டம்பர் முதல் தேதிக்குள் 25 சென்ட் வீதம் தவணையில் கட்டினால் போதும். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஒரு டாலரை நான்கு தவணையாகக் கட்டுகிறவன் மொத்த வாழ்க்கையையும் ஒரே தவணையில் வைத்துவிட்டான்.

தண்டவாளத்தின் ஓரமாக நின்றபடி இதை மகளிடம் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. இரவு எட்டு மணிக்கு ஒரு சரக்கு ரயில் போயிற்று. அதன் ஊதல் ஒலி அடங்க வெகுநேரம் ஆனது. தடுக்க இங்கே ஒன்றும் இல்லை.

இரண்டாம் நாள்: வடக்கே 35 மைல்

இன்று ஓட்டிய தூரம் குறைவு. எழுத வேண்டியதோ நிறைய.

எல்லிஸிலிருந்து நிக்கோடிமஸ் ஏறக்குறைய நேர் வடக்கே இருக்கிறது. நெடுஞ்சாலையைத் தவிர்த்துவிட்டு, கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) சாலைகளில், சரளைக் கல் தெறிக்க மெதுவாகப் போனோம். நான் மடியில் நில அளவை வரைபடத்தை விரித்து வைத்திருந்தேன்.

இந்த நாட்டை அளந்தவர்கள் கையாண்ட சங்கிலி நமக்கும் தெரிந்த சங்கிலிதான். கண்டர் சங்கிலி: 66 அடி, நூறு கண்ணி. எண்பது சங்கிலி ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். தமிழ்நாட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துப் பழைய புலப்படங்களில் "லிங்க்ஸ்" கணக்கு இருக்குமே, அது இதே கண்ணிதான். ஆனால் நாங்கள் அளந்தது ஏற்கெனவே உழுது, சண்டையிட்டு, பாகம் பிரித்த நிலம்; வரப்பு வளைந்தால் கோடும் வளையும். இங்கே ஆள் வருமுன்பே கோடு போட்டுவிட்டார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு சதுர மைல் வீதம் முப்பத்தாறு செக்‌ஷன். செக்‌ஷன் ஒன்றுக்கு 640 ஏக்கர். அதில் காற்பகுதி 160 ஏக்கர். 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, பதிவுக் கட்டணம் செலுத்தி, ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தால் அந்த 160 ஏக்கர் சொந்தம். சாலைகள் இன்றும் மைலுக்கு ஒன்றாக, கயிறு பிடித்ததுபோல் ஓடுகின்றன.

அந்தக் கோடுகளுக்கு அடியில் இன்னொரு கதையும் இருக்கிறது. செயன், அரபாஹோ, பானி மக்கள் எருமை (அமெரிக்கக் காட்டெருமை) வேட்டையாடி வாழ்ந்த நிலம் இது. 1867-இல் மெடிசின் லாட்ஜ் ஒப்பந்தம் செயன், அரபாஹோ மக்களைத் தெற்கே ஒதுக்கியது. எருமைகளையோ தோலுக்காகக் கொன்று குவித்தார்கள். அளவுச் சங்கிலி வந்த நிலம் அப்படித்தான் காலியானது. இதை விட்டுவிட்டு இந்தப் பயணத்தை எழுத என் கை ஓடாது.

நிக்கோடிமஸ் டவுன் கம்பெனி 1877 ஜூலை 2 அன்று வெளியிட்ட அறிவிப்பில் ஊரின் இருப்பிடம் எங்கள் துறைக்காரன் எழுதியதுபோலத் துல்லியமாக இருக்கிறது: கிரஹாம் கவுண்டி, டவுன்ஷிப் 8, ரேஞ்ச் 21, செக்‌ஷன் 1, அதன் வடமேற்குக் காற்பகுதி. டவுன்ஷிப் எண் வடக்கு-தெற்காகவும் ரேஞ்ச் எண் கிழக்கு-மேற்காகவும் இடத்தைக் குறிக்கும். மாநிலத் தலைநகர் டொபீகாவுக்கு மேற்கே 240 மைல், சாலமன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. தாங்கள் பார்த்ததிலேயே மிகச் சிறந்த நாடு என்று பெருமையோடு சொல்கிறார்கள். கம்பெனியின் தலைவர் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகர். பொருளாளர் டபிள்யூ. ஆர். ஹில், இந்தியானாவிலிருந்து வந்த வெள்ளைக்கார நிலத் தரகர். செயலாளர் சைமன் ரவுண்ட்ரீ என்ற போதகர் ஜூன் 18 அன்று வந்து முதல் குடியானவர் ஆகியிருந்தார். அறிவிப்பு அச்சான நாளில் அந்த 160 ஏக்கரில் ஊர் என்று சொல்ல ஒரு வீடும் இல்லை.

பொய்யான வரைபடங்களை என் பணியில் பார்த்திருக்கிறேன். ஏரிக்குள் மனை போட்டு விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஹில் மீது எனக்குக் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. ஆனால் இங்கே நிலம் இருந்தது, அளவு சரியாக இருந்தது, பட்டாவும் பிறகு கிடைத்தது. இல்லாதது அந்தக் குளிர்காலத்தைத் தாண்ட வேண்டிய கூரையும் கலப்பையும் விறகும். அதை அறிவிப்பு சொல்லவில்லை.

சலைன் ஆற்றைத் தாண்டினோம். ஆறு என்றாலும் ஒரு வாய்க்கால் அளவுதான் தண்ணீர். வழிநெடுகக் காட்டுச் சூரியகாந்தி பூத்திருந்தது. பிறகு செம்பழுப்பு நிறத்தில் ஒரு வயல் வந்தது. "இது என்ன பயிர், அப்பா?" என்றாள் மகள். இறங்கிப் பார்த்தால் சோளம். மக்காச்சோளம் இல்லை, நம் சோளம்தான். இடுப்பளவுக் குட்டைத்தட்டை, நெருக்கமான கதிர். அமெரிக்காவில் மிக அதிகமாகச் சோளம் விளைவது கன்சாஸில்தான் என்று படித்திருந்தேன். இருந்தாலும் பழக்கப்பட்ட முகத்தைக் கூட்டத்தில் கண்டதுபோல மனம் குளிர்ந்தது. ஆண்டுக்கு 20 அங்குலத்தை ஒட்டி மழை பெய்யும் நாடு, சோளம் தாங்கும்.

இப்போது வில்லியானா ஹிக்மனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்காகத்தான் இந்த வழியில் வந்தேன்.

1878 வசந்தத்தில் கென்டக்கியின் ஜார்ஜ்டவுனிலிருந்து இரண்டாவது பெருங்கூட்டம் வந்தது. போதகர் டேனியல் ஹிக்மனும் அவர் மனைவி வில்லியானாவும் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். பயணத்திலேயே பிள்ளைகளுக்கு மணல்வாரி அம்மை போட்டுவிட்டது. எல்லிஸ் அருகே கூடாரம் அடித்து இரண்டு வாரம் தங்கினார்கள். அங்கே குழந்தைகள் சிலர் இறந்துபோனார்கள். பிறகு குதிரை வண்டிகளில் வடக்கே கிளம்பினார்கள். சாலை கிடையாது, மான் போன தடமும் எருமை புரண்ட குழியும்தான் வழி. திசைகாட்டியைப் பார்த்துப் போனார்கள். இரவில் ஆண்கள் தீ மூட்டி, விலங்குகள் நெருங்காமலிருக்கத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு விழித்திருந்தார்கள். இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணி அளவில் ஆண்கள் கூவினார்கள்: அதோ நிக்கோடிமஸ்!

வில்லியானா நோயோடு இருந்தார். கண்ணில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டிப் பார்த்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எங்கே நிக்கோடிமஸ், எனக்குத் தெரியவில்லையே என்று கேட்டார். தரையிலிருந்து அங்குமிங்குமாக எழுந்துகொண்டிருந்த புகையைக் கணவர் சுட்டிக்காட்டினார். அதுதான் நிக்கோடிமஸ் என்றார். மக்கள் மண்ணுக்குள் குழி வெட்டிக் குடியிருந்தார்கள். வில்லியானா அழத் தொடங்கினார்.

ஊருக்குத் தெற்கே, சாலமன் ஆற்றின் தென்கிளைக்கு இப்பால் சற்று ஏற்றமான இடத்தில் மகளை நிறுத்தச் சொன்னேன். மணி மூன்றடிக்கச் சில நிமிடங்கள். காற்றின் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை. ஆற்றோரம் மரக்கூட்டம், அதற்கு அப்பால் புல்லும் வயலும் வானமும். "எது ஊர், அப்பா?" என்று கேட்டாள் மகள். அந்தக் கேள்வியை அவள் வேண்டுமென்று கேட்கவில்லை. என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள்: நிக்கோடிமஸ்

பழைய கட்டடங்கள் ஐந்துதான். நகர்மன்றம்போல இருக்கும் சுண்ணாம்புக் கல் டவுன்ஷிப் மண்டபம் 1939-இல் முடிந்தது. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையற்றோருக்கு வேலை கொடுக்க மத்திய அரசு கட்டிய கட்டடங்களில் ஒன்று. தேசியப் பூங்காத் துறையின் பார்வையாளர் மையம் அதில் இருக்கிறது. ஏ.எம்.இ. (ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல்) சபைத் தேவாலயம் 1885-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாப்டிஸ்ட் தேவாலயம் 1907. பள்ளிக்கூடம் 1918. ஐந்தாவது, ஒரு காலத்தில் செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டலாக இருந்த வீடு. இவற்றுக்கு இடையில் சில குடியிருப்பு வீடுகள், அகலமான தெருக்கள், நிறையப் புல்.

மையத்தில் இருந்த பூங்கா அலுவலர் பொறுமைசாலி. நில அளவை பற்றி நான் கேட்டுக்கொண்டே போனேன். அவர் சலிக்காமல் பழைய மனைப் படத்தை எடுத்துக் காட்டினார். சதுரம் சதுரமாகத் தெருக்கள், எண்ணிட்ட மனைகள். அந்தப் படத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் மகளும் தெருத்தெருவாக நடந்தோம். மூலைக்கு மூலை நின்று, இங்கே கடை, இங்கே குதிரை லாயம் என்று நான் படத்தைப் பார்த்துச் சொல்வேன். அவள் புல்லைப் பார்ப்பாள்.

முதல் குளிர்காலத்தை எப்படிக் கடந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். 1877 செப்டம்பரில் வந்து சேர்ந்ததும் பல குடும்பங்கள் திரும்பிப் போய்விட்டன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மீதிப் பேர் மண்வெட்டியால் மேட்டுச் சரிவைக் குடைந்தார்கள். மேலே கொம்பும் செடியும் பரப்பி, புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளை அடுக்கிக் கூரை போட்டார்கள். ஒரு மூலையில் அடுப்பு. புகை வெளியேற ஒரு துளை. வில்லியானா பார்த்த புகை அதுதான். விறகு இல்லை, எருமைச் சாணத்தையும் சூரியகாந்தித் தட்டையையும் ஆற்றோர வில்லோ மரக் குச்சிகளையும் எரித்தார்கள். வறட்டி தட்டி எரித்த வீட்டில் வளர்ந்தவன் என்பதால், அந்தக் குழிக்குள் எப்படிப்பட்ட வாடை இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எம்மா வில்லியம்ஸ் நிறைமாதக் கர்ப்பிணியாக வந்தார். அக்டோபர் மாதக் கடைசியில் குழிவீட்டுக்குள் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றார். ஹென்றி என்று பெயர் வைத்தார்கள். நிக்கோடிமஸில் பிறந்த முதல் குழந்தை. ஊர் என்று சொல்ல எதுவும் இல்லாதபோதே அந்த ஊரைப் பிறந்த ஊராகக் கொண்ட ஒருவர் வந்துவிட்டார்!

உணவு தீர்ந்தது. கன்சாஸின் மற்ற ஊர்களுக்கு ஆள் அனுப்பி உதவி கேட்டார்கள். உணவும் துணியும் கொஞ்சம் வந்தன. வேட்டை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் இறைச்சியைப் பகிர்ந்து கொடுத்தார்கள் என்று ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். நிலம் இழந்தவர்கள் நிலம் தேடி வந்தவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். ஆண்கள் தொலைவிலுள்ள பண்ணைகளுக்கும் ரயில்பாதை வேலைக்கும் கூலிக்குப் போனார்கள். புல்வெளியில் சிதறிக் கிடந்த எருமை எலும்புகளைப் பொறுக்கி விற்றார்கள். டன்னுக்கு ஆறு டாலர் அளவில் கிடைத்தது. அவை உரத்துக்கும் சர்க்கரை வெளுக்கவும் போயின. ஒரு டன் எலும்பு பொறுக்க எத்தனை மைல் நடந்திருப்பார்கள் என்று மகள் கேட்டாள். இருவரும் கணக்குப் போட முயன்று விட்டுவிட்டோம்.

வசந்தம் வந்தபோது உழ மாடில்லை. ஊர் முழுவதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய குதிரைகளே இருந்தன. மண்வெட்டியாலும் கொத்தாலும் மண்ணைத் திருப்பினார்கள். இந்தப் புல்லின் வேர் எப்படிப்பட்டது என்பதைப் பூங்காவின் ஓரத்தில் ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தேன். பாய் முடைந்ததுபோல் பின்னிக் கிடக்கிறது. ஒரு முழம்கூட அசையவில்லை. அறுபத்தாறு வயதில் எனக்கு முடியாததில் வியப்பில்லை. ஆனால் நாள் முழுவதும் அந்தக் கொத்தோடு நின்றவர்களில் என் வயதுக்காரர்களும் இருந்திருப்பார்கள்.

தலைவர் ஸ்மித்தின் மகள் ஜென்னி, கணவர் சக்கரி பிளெட்சரோடு 1877 ஜூலையிலேயே வந்துவிட்டவர். தங்கள் குழிவீட்டிலேயே ஊரின் முதல் பள்ளியை நடத்தினார் அவர். எழுதப் படிக்கக் கற்றுத்தர அங்கே கரும்பலகை இருந்ததோ இல்லையோ, பிள்ளைகள் இருந்தார்கள். கணவரோடு சேர்ந்து பின்னாளில் ஹோட்டல் நடத்தியதும் அவர்தான். பள்ளிக் கட்டடத்தின் முன் நான் வெகுநேரம் நின்றேன். இன்றைய கட்டடம் அவர் நடத்தியது அல்ல. இருந்தாலும் பள்ளிக்கூட வரிசையில் முதலாவது அந்தக் குழிதான்.

1878-இல் எட்வர்ட் மெக்கேப் என்ற இளைஞர் சிகாகோவிலிருந்து வந்தார். நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். இங்கே நிலம் பதிவு செய்து கொடுக்கும் தொழில் செய்தார். 1880-இல் கிரஹாம் கவுண்டி அமைந்தபோது அதன் எழுத்தரானார். 1882-இல் கன்சாஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கன்சாஸில் மாநில அளவிலான பதவிக்கு வென்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. குழிகளிலிருந்து புகை எழுந்த ஊர், ஐந்தே ஆண்டுகளில் மாநிலக் கருவூலத்தின் கணக்கைப் பார்க்க ஆள் அனுப்பியது.

மாலையில் பார்வையாளர் மையத்தைப் பூட்டும் நேரத்தில் ஓர் எண்ணம் வந்தது. கென்டக்கி மாநிலம் 13-ஆவது திருத்தத்தை முறைப்படி ஏற்றது எப்போது தெரியுமா? 1976 மார்ச்சில். நிக்கோடிமஸ் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டதும் அதே 1976-இல், இரண்டு மாதம் முன்னதாக. மகளிடம் சொன்னேன். "அவர்கள் புறப்பட்டு வந்தது சரிதான்" என்றாள்.

நான்காம் நாள்: போக்

தென்மேற்கே ஆறு மைலில் போக் என்ற சின்ன ஊர். கார் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டுப் போய்ப் பார்த்தோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நிக்கோடிமஸை வீழ்த்திய தூரம் இவ்வளவுதான்.

1880-களின் நடுவில் நிக்கோடிமஸில் மளிகைக் கடைகள், ஹோட்டல்கள், தேவாலயங்கள், வங்கி எல்லாம் இருந்தன. 'வெஸ்டர்ன் சைக்லோன்', 'நிக்கோடிமஸ் என்டர்பிரைஸ்' என்று இரண்டு செய்தித்தாள்கள் வந்தன. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் அருகருகே கடை வைத்திருந்தார்கள். குறை ஒன்றே ஒன்று: ரயில் இல்லை. கோதுமையை மாட்டு வண்டியில் ஏற்றி நாள் கணக்கில் போனால் வண்டிக்கூலியிலேயே லாபம் கரைந்துவிடும். 1887-இல் டவுன்ஷிப் மக்கள் வாக்களித்து, மிசௌரி பசிபிக் ரயில்வேயை வரவழைக்க 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். பத்தாண்டுக்கு முன் ஒரு டாலரைத் தவணையில் கட்டிய மக்கள். அளவையாளர்கள் வந்தார்கள், அளந்தார்கள், போனார்கள். கிழக்கே ஸ்டாக்டன் வரை வந்திருந்த அந்தப் பாதை அங்கேயே நின்றுவிட்டது.

அடுத்த ஆண்டு யூனியன் பசிபிக் தன் பாதையைச் சாலமன் ஆற்றின் தென்கரையில் போட்டது. ஊர் இருப்பது வடகரையில். தண்டவாள வேலைக்காரர்களின் முகாம் இருந்த இடம் போக் ஆனது. கடைக்காரர்கள் சரக்கை மட்டும் எடுத்துப் போகவில்லை. மரக் கட்டடங்களையே பெயர்த்து ஆற்றைக் கடந்து கொண்டுபோனார்கள். 1888-இல் செய்தித்தாளும் நின்றது. மெக்கேப்பும் இரண்டு முறை பதவி வகித்த பிறகு ஓக்லஹோமா பக்கம் போய், அங்கே லாங்ஸ்டன் என்ற ஊரை அமைப்பதில் இறங்கினார்.

ரயில் பாதைக்காக நிலம் அளந்த பணி எனக்கும் உண்டு. கோடு ஒரு பர்லாங் நகர்ந்தால் யார் வீடு போகும், யார் கடை பிழைக்கும் என்று அளவு எடுப்பவனுக்குத் தெரியும். கோட்டை முடிவு செய்பவருக்கு அந்த முகங்கள் தெரியாது. போக் ஊரின் தானியக் கோபுரத்தடியில் நின்றபோது அந்த நினைவுகளே வந்தன. அங்கிருந்து ஹில் சிட்டிக்குப் போனோம். நிலத் தரகர் ஹில்லின் பெயரைத் தாங்கிய ஊர். முதலில் மில்புரூக் என்ற ஊர்தான் கவுண்டித் தலைநகராக இருந்தது. 1887-இல் சூறாவளி அதை அழித்ததும் தலைமை ஹில் சிட்டிக்கு வந்தது. பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டோம்.

ஐந்தாம் நாள்: புறப்பாடு

ரயில் போன பிறகும் உழவர்கள் போகவில்லை. கடைகள்தான் போயின, 160 ஏக்கரைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாதே. 1930-களின் வறட்சியும் புழுதிப் புயலும் பெருமந்தமும் பலரைத் துரத்தின. 1950-இல் ஊரில் இருந்தவர்கள் 16 பேர். 1953-இல் அஞ்சலகத்தை மூடினார்கள். 1960-இல் பள்ளியும் மூடியது. ஆனால் 1932-இல் இங்கே பிறந்த வெரில் ஸ்விட்சர், கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடி, 1954-இல் தொழில்முறை அணிகளின் வீரர் தேர்வில் நான்காவதாகத் தேர்வாகி கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்குப் போனவர், குடும்ப நிலத்தோடு இருந்த உறவை விடவில்லை. ஊர்க்காரர்கள் 1988-இல் வரலாற்றுச் சங்கம் அமைத்தார்கள். 1996 நவம்பரில் நிக்கோடிமஸ் தேசிய வரலாற்றுத் தலமானது.

காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். பழைய கற்களில் பல எழுத்துத் தேய்ந்து கிடக்கின்றன. பக்கத்து வயலில் சோளம் பார்க்க வந்த முதியவர் ஒருவர் கையசைத்தார். வேலியோரம் பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய கொள்ளுப்பாட்டனார் கென்டக்கியிலிருந்து வந்தவராம். நான் நில அளவைக்காரன் என்றதும், தன் நிலத்தின் செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் எண்களைத் தன் பிறந்த தேதியைப் போல ஒப்பித்தார். எங்கள் ஊர் உழவர்கள் சர்வே எண்ணை அப்படித்தான் சொல்வார்கள். சோளம் எங்கள் வீட்டில் கூழாகவும் சோறாகவும் இருந்ததைச் சொன்னேன். அவருக்கு அது மாட்டுக்கும் எத்தனால் ஆலைக்கும் போகும் தானியம். ஆர்வமாகக் கேட்டுக்கொண்டு, ஒரு கதிரை ஒடித்து மகள் கையில் கொடுத்தார்.

"ஜூலையில் வாருங்கள்" என்றார். ஆண்டுதோறும் ஜூலை கடைசி வாரத்தில் இங்கே விடுதலை விழா நடக்கிறது. 1834 ஆகஸ்ட் 1 அன்று பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்த நாளை ஒட்டித் தொடங்கிய கொண்டாட்டம். முன்பு ஸ்க்ரக்ஸ் தோப்பில் கூடுவார்கள். டென்வர், கன்சாஸ் சிட்டி, கலிபோர்னியா என்று பிரிந்துபோன குடும்பங்களெல்லாம் வந்து சேரும். ஊர்வலம், ஆராதனை, சமையல். அந்த மூன்று நாளும் தெருவில் நடக்க இடம் இருக்காது என்றார் அவர்.

திரும்பும்போது தெற்கே அதே ஏற்றத்தில் மகள் தானாகவே காரை நிறுத்தினாள். சோளக்கதிரைக் கையில் வைத்துக்கொண்டு வடக்கே பார்த்தாள். மண்டபத்தின் கூரை, தேவாலயத்தின் முகடு, பள்ளியின் வெள்ளைச் சுவர், முதியவரின் வீட்டு மரங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

எல்லிஸ் போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அடுத்த ஜூலைக்கு ஹில் சிட்டியில் இரண்டு அறை சொல்லி வைத்திருக்கிறோம். வர நினைப்பவர்கள் இப்போதே சொல்லி வைப்பது நல்லது. நிக்கோடிமஸில் விடுதி இல்லை, பெட்ரோல் நிலையமும் இல்லை. தண்ணீரும் தொப்பியும் கட்டாயம் எடுத்துவாருங்கள்.